பெட்டியின் முதுகில் எழுதியிருப்பது

கல்யாண் ஒரு பெரிய ரயில் சந்திப்பு. மும்பையிலிருந்து சுமார் 54 கிலோமீட்டர் தூரம். நாசிக் போகும் பாதையும் புனே போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தவர்களும் உண்டு.

கல்யாண் கிழக்கில் ஒரு சால் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே அறை. மூலையில் சமையல். மேலே பரண். அந்த வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். மகன், மருமகள், பேரன் இருக்கிறார்கள். பரணில் ஒரு கனமான பெட்டி இருக்கிறது. பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

அது ஒரு ஸ்டீரியோ ரிசீவர். ஆச்சியின் வீட்டுக்காரர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தவர். 1984-இல் ஊர் திரும்பியபோது தோளில் சுமந்து கொண்டுவந்தார். சாயங்காலம் ஆனால் பாட்டுப் போடுவார். அடுத்த வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து உட்காருவார்கள். இப்போது அவர் இல்லை. பெட்டி மட்டும் இருக்கிறது.

"அம்மா, இதை எடைக்குப் போட்டுவிடலாம். இடத்தை அடைக்கிறது" என்கிறான் மகன்.

"ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் ஆச்சி" என்கிறான் பேரன்.

பெட்டி கீழே இறங்குகிறது. ஒயரின் முனையில் தட்டையான இரண்டு கால் கொண்ட பிளக். நம் சுவரில் இருக்கும் ஓட்டையில் அது நுழையாது. பேரன் பிளக்கை வெட்டிவிட்டு, ஒயரைச் சீவி, ஓட்டையில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கப் பார்க்கிறான். பல வீடுகளில் செய்கிற வேலைதான். உயிரை வாங்குகிற வேலையும் அதுதான். குச்சி நழுவினால் ஒயர் கையில் படும்.

"நில்லுலே" என்கிறார் ஆச்சி. "பெட்டிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்."

ஆச்சி இரண்டு வருஷமாக மாலை வகுப்புக்குப் போகிறார். ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் எண்கள் தெரியும். விரலை வைத்துப் படிக்கிறார். ஒரு சின்ன வட்டம். அதைச் சுற்றி எண்கள். ஒரு பக்கம் 110-120. இன்னொரு பக்கம் 220-240. வட்டத்தின் நடுவில் ஓர் அம்புக்குறி. அது 110-120 பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பேரன் பிளக்கைச் சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

110-ம் 220-ம்

மின்சாரத்துக்கு அழுத்தம் உண்டு. மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் அல்லவா? அதுபோல. அந்த அழுத்தத்தின் அளவுதான் வோல்ட். பெட்டியில் அதை ஆங்கில 'வி' எழுத்தால் குறித்திருப்பார்கள்.

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். துபாயிலும் குவைத்திலும் ஏறக்குறைய நம் ஊர் அளவுதான். ஆனால் சவூதியில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் 127 வோல்ட். ஜப்பானில் இன்றும் 100 வோல்ட்தான். ஆகவே பல நாடுகளில் விற்கும் பெட்டிகளில் மாற்றும் திருகு ஒன்று வைத்தார்கள். எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த எண்ணுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

110-இல் வைத்த பெட்டிக்கு 230 கொடுத்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் தாங்காது. பியூஸ் போகும். பியூஸ் போனால் நல்லது. பியூஸ் தன் உயிரைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றும். ஆனால் பழைய பெட்டியில் யாராவது பியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருப்பார்கள். தடித்த கம்பியைப் போட்டிருப்பார்கள். அப்போது பியூஸ் போகாது. டிரான்ஸ்பார்மர் எரியும். வீடும் பற்றலாம்.

அப்படியானால் ஆச்சியின் வீட்டுக்காரர் இதை எப்படிப் போட்டார்? அவர் ஒரு மாற்றுப் பெட்டி வைத்திருந்தார். 230-ஐ 110 ஆகக் குறைக்கும் பெட்டி. அதைத் தரையில் வைத்திருந்தார். 2005 ஜூலை 26-ஆம் தேதி பெய்த மழையை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். உல்லாஸ் ஆறு பெருகிக் கல்யாணுக்குள்ளும் வெள்ளம் வந்தது. தரையில் இருந்த மாற்றுப் பெட்டி மூழ்கிப் போனது. அலமாரியில் இருந்த ரிசீவர் தப்பியது. பிறகு பரணுக்குப் போனது. திருகு மட்டும் 110-லேயே இருந்துவிட்டது. திருகைத் திருப்பினாலே போதும், மாற்றுப் பெட்டியே வேண்டாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. படிக்காதவருக்கு யார் சொல்வார்கள்?

வெள்ளத்தில் நனைந்த பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வெளியே காய்ந்துவிட்டது என்று பிளக்கைச் சொருகாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் சுற்றுக்குள் ஈரமும் சேறும் தங்கியிருக்கும். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

திருகைத் திருப்பும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது. சில பெட்டிகளில் பியூசையும் மாற்ற வேண்டும். 110-க்கு ஒரு பியூஸ், 220-க்கு அதில் பாதி அளவுள்ள பியூஸ். அதுவும் பின்னால் எழுதியிருக்கும்.

இன்னும் என்ன எழுதியிருக்கிறது?

'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். 150, 200 என்று. இது வாட். பெட்டி அதிகமாக இழுக்கக்கூடிய மின்சாரம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெதுவாகப் பாடும்போது பெட்டி இவ்வளவு இழுக்காது. 40 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினமும் 3 மணி நேரம் போட்டால் 120. முப்பது நாளைக்கு 3600. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆக மாதம் 3.6 யூனிட். அவ்வளவுதான்.

'50/60' என்று இருந்தால் நல்லது. நம் மின்சாரம் நொடிக்கு 50 அலை. சவூதியில் 60. இரண்டுக்கும் சரி என்று பொருள்.

குதிரை லாடம் போல ஒரு குறி இருக்கும். அதன் பெயர் ஓம். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்தில் இந்தக் குறியோடு 8 என்றோ, 4-16 என்றோ எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் முதுகிலும் இதே குறி இருக்கும். ஸ்பீக்கரின் எண், ரிசீவரில் எழுதிய எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டினால் 8-ம் 8-ம் சேர்ந்து 16 ஆகாது. 4 ஆகிவிடும். இந்தக் கணக்கு விசித்திரமாகத் தோன்றும். ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் திறந்தால் கூட்டம் இரண்டு மடங்கு வெளியே போகும் அல்லவா? மின்சாரமும் அப்படித்தான். பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். கல்யாண வீட்டில் சத்தம் பெரிதாக வேண்டும் என்று நான்கு ஸ்பீக்கரை மாட்டிப் பெட்டியை எரித்தவர்கள் எத்தனையோ பேர்.

முன்பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். எஃப்.எம். எண்கள் 88 முதல் 108 வரை இருக்கிறதா? ஜப்பானின் உள்நாட்டில் விற்ற பழைய பெட்டிகளில் 76 முதல் 90 வரைதான் இருக்கும். மும்பையின் எஃப்.எம். நிலையங்கள் 91-க்கு மேல் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு 100 வோல்ட் வேறு வேண்டும். பழைய பொருள் விற்கும் கடையில் பளபளப்பைப் பார்த்து இப்படிப்பட்ட பெட்டியை வாங்கிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. மும்பையில் சோர் பஜார் இதற்குப் பேர் போனது. அங்கே நல்ல பெட்டியும் கிடைக்கும். எண்களைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

இரண்டு காதுக்கு இரண்டு ஸ்பீக்கர்

ரிசீவர் என்றால் என்ன? ரேடியோவும், சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்பிளிபயரும் ஒரே பெட்டியில் இருப்பது. ஸ்பீக்கர்கள் தனி.

ஸ்டீரியோ என்றால் இடது பக்கத்துக்கு ஒரு பாதை, வலது பக்கத்துக்கு ஒரு பாதை. நமக்கு இரண்டு காது இருக்கிறது. அதனால்தான் கண்ணை மூடினாலும் பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிகிறது. லண்டனில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் இருந்தார். அவர் சினிமா பார்த்தபோது, ஆள் திரையில் ஒரு பக்கம் நடக்கிறார், குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அது அவருக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். 1931-இல் இரண்டு பாதையில் ஒலியைப் பதியும் முறைக்கு அவர் காப்புரிமை கேட்டார். அமெரிக்காவில் 1961-இல் எஃப்.எம். ரேடியோவிலேயே ஸ்டீரியோ வந்தது. பிறகு ஜப்பான் கம்பெனிகள் சான்சுயி, பயனீர், கென்வுட் என்று போட்டி போட்டு ரிசீவர் செய்தன. 1970களில் செய்த பெட்டிகள் கனமாக இருக்கும். இரும்பும் செம்பும் தாராளமாகப் போட்டிருப்பார்கள். அவற்றைத் திறந்து பழுது பார்க்க முடியும். இன்றைய பல பெட்டிகளில் அது முடியாது.

அதற்கும் முந்தியது வால்வு ரேடியோ. பம்பாயில் வானொலி நிலையம் 1927 ஜூலை 23-இல் தொடங்கியது. பிறகு வீட்டுக்கு வீடு வால்வு ரேடியோ வந்தது. கல்யாணிலிருந்து மும்பை போகிற வழியில் இருக்கும் தாணேயில் மர்ஃபி ரேடியோ தொழிற்சாலை இருந்தது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. உங்கள் வீட்டில் வால்வு ரேடியோ இருந்தால் அதை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கும் மேல் நேர் மின்சாரம் இருக்கும்.

அண்ணாச்சி கடை

ஆச்சியும் பேரனும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி உல்லாஸ்நகர் போகிறார்கள். பக்கத்து ஊர்தான். நாடு பிரிந்தபோது சிந்துவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் முகாம் அங்கே இருந்தது. 1949-இல் அதை ஊராக்கி அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். இன்று அங்கே கடைகளுக்குப் பஞ்சமில்லை. உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் லாமிங்டன் ரோட்டுக்குப் போக வேண்டும். தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

ஒரு சின்னக் கடையில் வயதான மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். திருநெல்வேலிக்காரர்.

"என்ன செய்கிறது தங்கச்சி?"

"பதினெட்டு வருஷத்துக்கு மேல் போடவே இல்லை அண்ணாச்சி. திருகு 110-இல் இருக்கிறது. நாங்கள் இன்னும் சொருகவில்லை."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கிறார். இப்படிச் சொல்கிற ஆள் அவர் கடைக்கு அடிக்கடி வருவதில்லை.

அவர் முதலில் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே தூசி, ஒட்டடை, கரப்பான் முட்டை. காய்ந்த பிரஷ் வைத்துத் தட்டுகிறார். பியூசைப் பார்க்கிறார். திருகை 220-க்குத் திருப்புகிறார். பிளக்கை மாற்றுகிறார். அப்புறமும் நேராகச் சுவரில் சொருகவில்லை. ஒரு பலகையை எடுக்கிறார். அதில் ஒரு குண்டு பல்பு இருக்கிறது.

"இது என்ன தாத்தா?" என்கிறான் பேரன்.

"சீரிஸ் பல்பு. மின்சாரம் இந்தப் பல்பு வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி."

சுவிட்சைப் போடுகிறார். பல்பு பளிச்சென்று எரிகிறது. ஒரு நொடியில் மங்குகிறது. அண்ணாச்சி சிரிக்கிறார். பல்பு பளிச்சென்றே நின்றிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். அப்போது பல்புதான் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். பெட்டி எரியாது. இதற்கு 60 அல்லது 100 வாட் பழைய கம்பி பல்புதான் வேண்டும். எல்.இ.டி. பல்பு உதவாது. ஆனால் சீரிஸ் பல்பு பெட்டியைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. ஷாக் அடித்தால் அடித்ததுதான்.

மூன்று கோளாறு

பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஆனால் மூன்று கோளாறு.

முதலாவது, சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகர என்கிறது. இந்தக் கோளாறைச் சொல்ல எந்த மொழியும் வேண்டாம். 'கரகர' என்றால் மராத்தி மெக்கானிக்குக்கும் புரியும். குமிழுக்குள் ஒரு கரிப் பாதை இருக்கிறது. அதில் தூசியும் களிம்பும் ஏறியிருக்கும். மும்பைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே இந்தக் கோளாறு இங்கே சீக்கிரம் வரும். அதற்கென்று விற்கும் கிளீனரை இரண்டு சொட்டு விட்டு, மின்சாரம் இல்லாமல் இருபது முப்பது தடவை திருப்பினால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மண்ணெண்ணெய் விடாதீர்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். பிறகு தூசி இன்னும் அப்பிக்கொள்ளும். பல கடைகளில் இந்தக் குமிழையே மாற்ற வேண்டும் என்பார்கள். முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். இது கண்டன்சர் கோளாறு. சாலில் தண்ணீர் எந்நேரமும் வராது. வரும்போது பீப்பாயில் பிடித்து வைக்கிறோம். பிறகு மொண்டு மொண்டு செலவழிக்கிறோம். பெட்டிக்குள்ளும் மின்சாரம் விட்டு விட்டுத்தான் வருகிறது, நொடிக்கு 100 தடவை. இடைவெளியில் குறையாமல் இருக்கப் பிடித்து வைக்கும் பீப்பாய்தான் கண்டன்சர். நாற்பது வருஷத்தில் அது உள்ளே காய்ந்துபோகும். கொள்ளளவு குறையும். பீப்பாய் ஓட்டையானால் குழாய் வருவதும் நிற்பதும் நமக்குத் தெரியும் அல்லவா? அந்தச் சத்தம்தான் 'ம்ம்ம்'.

கண்டன்சரின் மேலேயும் எண் இருக்கிறது. 4700 என்று ஒன்று. 50 என்று ஒன்று. முதல் எண் கொள்ளளவு. இரண்டாவது அது தாங்கும் வோல்ட். புதிதாகப் போடுவது அதே கொள்ளளவு இருக்க வேண்டும். தாங்கும் வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம். குறையக் கூடாது. ஒரு பக்கம் கழித்தல் குறி போட்டிருக்கும். அதை மாற்றிப் போட்டால் வெடிக்கும். இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தப் பீப்பாயில் மின்சாரம் மிச்சம் இருக்கும். பேரன் ஸ்குரு டிரைவரை நீட்டுகிறான். அண்ணாச்சி கையைத் தட்டிவிடுகிறார்.

"பிளக்தான் கழற்றியாச்சே தாத்தா!"

"குழாயை மூடினால் பீப்பாய்த் தண்ணீர் வற்றிப் போகுமா தம்பி?"

மூன்றாவது, வலது பக்கம் சத்தமே இல்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பெட்டியை அணைத்துவிட்டு, இடது ஸ்பீக்கரை வலது இடத்திலும், வலது ஸ்பீக்கரை இடது இடத்திலும் மாற்றி மாட்டுங்கள். பிறகு போடுங்கள். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் இப்போது பேசினால் ஸ்பீக்கர் நல்லது, கோளாறு ரிசீவரில். அப்போதும் ஊமையாகவே இருந்தால் கோளாறு ஸ்பீக்கரில் அல்லது அதன் ஒயரில். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் நல்ல பெட்டியைத் திறந்து காசு கேட்க யாராலும் முடியாது.

ஆச்சியின் ஸ்பீக்கர் நல்லது. கோளாறு ரிசீவரின் ரிலேயில். பெட்டியைப் போட்ட சில நொடி கழித்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் ரிலே. உள்ளே எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு அது ஸ்பீக்கருக்கு வழி விடும். அதன் தொடும் இடத்தில் களிம்பு. அண்ணாச்சி காகிதத் துண்டில் கிளீனர் நனைத்து அந்த இடத்தில் வைத்து இழுக்கிறார். காகிதம் கறுப்பாக வருகிறது. வலது பக்கம் பேசுகிறது.

சில பெட்டிகளில் 'டிக்' சத்தமே வராது. உள்ளே ஆபத்து இருப்பதால் ரிலே வழி விடவில்லை என்று பொருள். அவசரக்கார மெக்கானிக்குகள் ரிலேயைத் தாண்டி ஒயரை நேராகச் சேர்த்துவிடுவார்கள். சத்தம் வந்துவிடும். நாமும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வருவோம். ஒரு நாள் ஸ்பீக்கரில் புகை வரும். 'டிக்' கேட்காத பெட்டியைக் கடையிலிருந்து வாங்கி வராதீர்கள். அந்தப் பெட்டிக்கு முதலிலிருந்தே ரிலே இல்லை என்றால் அது வேறு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடியாது. டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் செலவு கட்டுப்படியாகாது. எஸ்.டி.கே. என்று பெயர் தொடங்கும் பெரிய கறுப்பு ஐ.சி. போயிருந்தாலும் யோசிக்க வேண்டும். போலி ஐ.சி. நிறைய விற்கிறது. போட்ட சில நாளில் போய்விடும். நல்ல மெக்கானிக் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

சீட்டு எங்கே?

ஆச்சி பெட்டியை விட்டுவிட்டுக் கிளம்பவில்லை. சீட்டு கேட்கிறார்.

"நம்ம ஊர்க்காரன் மேல் நம்பிக்கை இல்லையா தங்கச்சி?"

"நம்பிக்கை இருக்கிறது அண்ணாச்சி. மறதியும் இருக்கிறது."

அண்ணாச்சி எழுதுகிறார். தேதி. பெட்டியின் பெயர். அதன் முதுகில் இருக்கும் வரிசை எண். கோளாறு மூன்று. மாற்றப்போகும் பொருள்: கண்டன்சர் 2. ஆகும் செலவு. திருப்பித் தரும் நாள். எத்தனை நாள் உத்தரவாதம். கீழே கையெழுத்து. ஆச்சி ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கழற்றிய பழைய கண்டன்சரைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொல்கிறார். மாற்றினார்களா இல்லையா என்று அப்போதுதானே தெரியும்?

காசு வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பதும் ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கல்யாண் தாணே மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதலில் யோசனை கேட்கலாம். அங்கே முதலில் கேட்பார்கள்: சீட்டு இருக்கிறதா?

வீட்டில்

ஐந்து நாள் கழித்துப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. பழைய கண்டன்சர் இரண்டும் ஒரு பொட்டலத்தில் வருகின்றன.

மருமகள் பெட்டியின் மேல் பூ வேலை செய்த துணி விரிக்கிறார். சாமி படம் வைக்கப் போகிறார். ஆச்சி தடுக்கிறார். பெட்டியின் மேலே இருக்கும் துளைகள் சூடு வெளியே போவதற்காக. பாடும்போது துணி இருக்கக் கூடாது. மேலே ஒரு சாண் இடம் விட வேண்டும். அணைத்துச் சூடு ஆறிய பிறகு துணி போட்டு மூடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது போட வேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போகும்.

எஃப்.எம். இரைகிறது. ஏரியல் இல்லை. முக்கால் மீட்டர் நீளத்தில் இரண்டு ஒயர் போதும். ஏரியல் என்று எழுதிய இரண்டு திருகிலும் ஒவ்வொன்றாக மாட்டி, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாகச் சுவரில் நீட்டி ஒட்டுகிறான் பேரன். மொத்தம் ஒன்றரை மீட்டர். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர், அதில் பாதி. இரைச்சல் போய்விடுகிறது. ஆனால் வருவதெல்லாம் இந்தியும் மராத்தியும்.

"தமிழ்ப் பாட்டு வராதா?" என்கிறார் ஆச்சி.

பேரன் தன் போனை எடுக்கிறான். பெட்டியின் பின்னால் வட்டத் துளைகள் நிறைய இருக்கின்றன. ஒன்றின் மேல் 'போனோ' என்று எழுதியிருக்கிறது. போன் என்று நினைத்து அதில் சொருகப் போகிறான். அது இசைத்தட்டுச் சுழலிக்கு உரிய துளை. அங்கே வரும் மிகச் சின்னச் சத்தத்தைப் பல மடங்கு பெரிதாக்கும். போனை அதில் மாட்டினால் காது கிழியும். பக்கத்தில் 'ஏ யூ எக்ஸ்' என்று மூன்று எழுத்து. ஆக்ஸ். அதுதான் சரியான இடம். சத்தக் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு மாட்டுகிறார்கள். பிறகு சுவிட்சைப் போடுகிறார்கள்.

டிக்.

இடது பக்கம் வயலின். வலது பக்கம் தபேலா. மகன் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறான். "அப்பா போட்டால் இப்படித்தான் கேட்கும்" என்கிறான். எடைக்குப் போடுகிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு ஆச்சி ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரிக்கிறார். பேனாவால் பெரிய எழுத்தில் எழுதுகிறார்.

"திருகு 220-இல் இருக்கிறது. மாற்றக் கூடாது. ஸ்பீக்கர் 8 ஓம்."

கீழே தேதி போடுகிறார். அந்தச் சீட்டைப் பசை தடவிப் பெட்டியின் முதுகில், காற்றுத் துளையை மறைக்காமல், ஒட்டி வைக்கிறார்.